எங்க பிரதேச சபை: கடைக்கு மூணரை ஸ்டார், லயத்துக்கு ஒன்னு

ஹோட்டலுக்கு ரிவியூ போடுறோம், ஃபோனுக்கு போடுறோம், சலூனுக்கு கூட போடுறோம், ஆனா வருசா வருசம் காசு கட்டுற பிரதேச சபைக்கு ஒருத்தரும் போட்டு நான் பாத்ததில்ல. அதான் நானே எழுதுறேன். சபை பேரு கேக்காதீங்க. நுவரெலியா மாவட்டத்துல 12 சபை இருக்கு, மாநகர சபை ஒன்னு, நகர சபை ரெண்டு, மிச்சம் ஒம்பதும் பிரதேச சபை, அந்த ஒம்பதுல ஒன்னுன்னு வச்சுக்கங்க. பேரு போட்டுட்டு அடுத்த வருசம் லைசன்ஸுக்கு அதே கவுன்டர்ல போய் நிக்கப் போறது நான் தானே.

பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன், பதினோரு வருசமாச்சு. காலைல ரொட்டி, பகலைக்கு சோறு, பின்னேரம் வடை, பிளேன்டீ. வீடு தோட்டத்துல, டவுன்ல இருந்து மூணு கிலோமீட்டர் மேல, எட்டு காம்பரா வரிசையா ஒட்டி நிக்கிற லயத்துல தொங்கல்ல இருக்கிற கடைசி காம்பரா. கடையும் வீடும் ஒரே சபை எல்லைக்குள்ள தான் இருக்கு. அதனால இந்த ரிவியூவ ஒன்னா எழுத முடியாது, ரெண்டு ஸ்டார் தான் குடுக்கனும், ஏன்னு போகப் போக தெரியும்.

மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், பிரதேச செயலகம் வேற பிரதேச சபை வேற. ஐடி கார்டு, பிறப்பு சர்டிபிகேட், அஸ்வெசும நிவாரணக் காசு இதெல்லாம் செயலகம். குப்பை, லைட்டு, சந்தை, லைப்ரரி, மயானம் இதெல்லாம் சபை. எங்க அம்மாவுக்கு இன்னும் ரெண்டும் ஒன்னு தான், எல்லாமே "கவர்மெண்ட் ஆபிஸ்".

இப்ப கவுன்டர். ஜனவரி மாசம் போனீங்கன்னா கூட்டம் வாசல் வரைக்கும் நிக்கும், காரணம் கழிவு. ஜனவரி 31க்குள்ள முழு வருசத்து மதிப்பீட்டு வரியையும் கட்டினா 10 வீதம் கழிப்பாங்க, அத விட்டுட்டா ஒவ்வொரு காலாண்டுலயும் மொத மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம். எங்க கடைக் கட்டடத்து சொந்தக்காரர் கண்டியில இருக்காரு, வரிய கடை வச்சிருக்கிற நீயே கட்டிடு தங்கச்சின்னு ஆரம்பத்துலயே பேசிட்டதால நான் தான் கட்டுறேன். பில்லு கையெழுத்துல தான், ஆனா கவுன்டர்ல இருக்கிற மிஸ் நல்ல பிள்ளை, தமிழ்லயே பேசுவாங்க, போன வருசத்து ரிசீட்ட காட்டினா அஞ்சு நிமிசத்துல முடிச்சு அனுப்பிடுவாங்க. இதுக்கு மட்டும்னா நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

மதிப்பீட்டு வரி எப்புடி போடுறாங்கன்னு தெரியாதவங்களுக்கு: அந்தக் கட்டடத்த வாடகைக்கு விட்டா ஒரு வருசத்துக்கு எவ்வளவு வரும்னு விலை மதிப்பீட்டுத் திணைக்களம் ஒரு கணக்கு போடும், அதுக்கு பேரு வருடாந்தப் பெறுமதி, அதுல இத்தன வீதம்னு சபை தீர்மானம் எடுத்து அரசாங்க கசட் பத்திரிகையில போட்டு அறவிடும். எங்க கடைக்கு வருடாந்தப் பெறுமதி 24,000. அதுல 8 வீதம், 1,920 ரூபாய், கழிவு போக 1,728 கட்டிட்டு வந்தேன். இப்ப சிரிக்காம கேளுங்க, நான் இந்தக் கடைக்கு ஒரு மாசத்துக்கு குடுக்குற வாடகை 35,000. அதாவது சபை கணக்குல ஒரு வருசத்துக்கு வர்ற வாடகைய விட நான் ஒரு மாசத்துக்கு குடுக்குறது கூட. அந்த மதிப்ப எப்ப போட்டாங்களோ, அப்ப பிளேன்டீ என்ன விலை வித்துச்சோ. எனக்கு லாபம் தான், நான் ஏன் வாய தொறக்கனும்னு இருந்தேன், ஆனா குப்பை டிராக்டருக்கு டீசல் இல்லன்னு ரெண்டு நாள் வராம விட்டப்ப தான் இந்தக் கணக்கு ஞாபகம் வந்துச்சு, டீசல் இன்னைக்கு விலையில, வரி என்னைக்கோ விலையில.

லைசன்ஸ் இன்னும் கூத்து. சாப்பாட்டுக் கடைக்கு வியாபார அனுமதிப்பத்திரம் வருசா வருசம் எடுக்கனும். பீஸு மூணு படி தான், 500, 750, 1,000. வருடாந்தப் பெறுமதி 1,500 ரூபாய்க்கு மேல போனா 1,000, அதுக்கு மேல போக ஏலாது, 1987ம் வருசத்து 15ம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல அப்புடி இருக்கு. 1,500ங்கிறது வருச மதிப்பு, இன்னைக்கு ஒரு பொட்டிக்கடை கூட அதுக்குள்ள அடங்காது, அதனால எல்லாருக்கும் 1,000. லைசன்ஸ் தேவைப்படாத மத்த தொழிலுக்கு பிசினஸ் வரி, அதுல போன வருசத்து வருமானம் 150,000 ரூபாய்க்கு மேலன்னா 3,000, அது தான் உச்சம். மாசம் பன்னெண்டாயிரத்து சொச்சம் பொரளுற ஆளும் 3,000, லொறி லொறியா எறக்குறவரும் அதே 3,000. டூரிஸ்ட் போர்ட்ல பதிஞ்ச ஹோட்டல்களுக்கு மட்டும் வேற கணக்கு, போன வருசத்து வரவுல 1 வீதம் வரைக்கும் வாங்கலாம். நுவரெலியா டவுன், எல்ல பக்கம்னா அது நல்ல காசு. எங்க எல்லைக்குள்ள வெள்ளக்காரன் எறங்குறதே ட்ரெயின் நின்னு போனா தான்.

லைசன்ஸுக்கு நாலு தடவ அலைஞ்சேன். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கடைய பாத்து ரிப்போட் குடுத்தா தான் சபை குடுக்கும், பி.எச்.ஐ. ஐயா இருக்கிறது சுகாதார வைத்திய அதிகாரி ஆபிஸ்ல, அது வேற கட்டடம். ரிப்போட் அனுப்பியாச்சுன்னு அங்க, இன்னும் வரலன்னு இங்க, கடைசியில நானே வாங்கிட்டு வந்து நானே குடுத்தேன், நடுவுல இருக்கிற தூரம் முன்னூறு அடி இருக்குமா. இதுக்கு ஒரு ஸ்டார் வெட்டு.

குப்பைக்கு வருவோம். கடை வீதிக்கு டிராக்டர் கிழமையில ஆறு நாள் வருது, காலைல ஆறரைக்கு பெல் அடிச்சுட்டு வரும், உக்குறத தனியா உக்காதத தனியா குடுக்கனும், கலந்து குடுத்தா எடுக்க மாட்டாங்க, அது நியாயம் தான். அந்த அண்ணமார் மழையில நனைஞ்சுகிட்டு வர்றத பாத்தா பாவமா இருக்கும், ஒரு பிளேன்டீ குடுக்காம நான் அனுப்புறதில்ல. 2025 நவம்பர்ல டித்வா புயல் அடிச்சு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்தப்ப சபை பேக்கோ தான் டவுனுக்குள்ள வந்த மண்ண தள்ளிச்சு, டிரைவர் ரெண்டு நாள் தூங்கலன்னு சொன்னாங்க, அதையும் இங்க எழுதாம விட்டா பாவம் புடிக்கும். டவுன் சேவைக்கு மூணரை ஸ்டார் குடுத்ததே இவங்களால தான்.

இப்ப அதே ரோட்டுல மூணு கிலோமீட்டர் மேல ஏறுங்க.

எங்க லயத்துக்கு டிராக்டர் வந்தது இல்ல. குப்பைய தண்ணி ஓடுற கான்ல கொட்டுவாங்க, இல்ல தேயில மலை ஓரத்துல பத்த வைப்பாங்க, பேம்பர்ஸும் ஷாம்பு பைக்கட்டும் நாங்க தண்ணி புடிக்கிற பீலி வரைக்கும் அடிச்சுட்டு வந்து நிக்கும். தோட்டத்து ஆபிஸ்ல போய் சொன்னா அது சபை வேலைம்பாங்க, சபைல சொன்னா அது தோட்டத்து வேலைம்பாங்க. ரோட்டுக்கு கேட்டா இன்னும் மோசம், ஏன்னா மலையகத்துல ரோட்டுக்கு நாலு அப்பன், மெயின் ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபையோடது, கெளை ரோட்டு மாகாண சபையோடது, சின்ன ரோட்டு பிரதேச சபையோடது, தோட்டத்துக்குள்ள போறது கம்பனியோடது. குழி விழுந்தா மட்டும் யாருக்கும் சொந்தமில்ல.

முந்தி இதுக்கு ஒரு சட்டமே இருந்துச்சு. 1987 சட்டத்துல 33ஆம் பிரிவு, சபை தன்னோட காச தோட்டத்துக்குள்ள செலவழிக்க ஏலாதபடி கைய கட்டிப் போட்டிருந்துச்சு, எங்க ஓட்ட வாங்கி மெம்பர் ஆவாங்க, ஆனதுக்கப்புறம் ஒரு பல்பு போடனும்னாலும் சட்டம் எடம் குடுக்கலம்பாங்க. 2018ல தான் திருத்தினாங்க, அதே வருசம் தான் நுவரெலியா, அம்பகமுவ ரெண்டு பெரிய சபையையும் ஆறா பிரிச்சு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் புதுசா வந்துச்சு. எங்க லயத்துல பட்டாசு கூட கொளுத்தினோம். சட்டம் தடுக்கல இப்ப, சரி, ஆனா காசு?

போன வருசம் கடைசியில நான் நேரா போய் கேட்டேன். வரவு செலவுத் திட்டம் போடுற நேரம், பட்ஜெட்ட பொதுமக்கள் பாக்க வைக்கனும்னு இருக்கு, அத பாக்கனும்னு சொன்னதும் ஆபிஸ்ல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க, சாப்பாட்டுக் கடைக்காரிக்கு பட்ஜெட் என்னத்துக்குன்னு. வருமானப் பகுதில ஒரு வயசான சேர் இருக்காரு, அவரு தான் கதிரை போட்டு ஒக்கார வச்சு பக்கம் பக்கமா காட்டினாரு. நல்ல மனுசன், இந்த ரிவியூவுல அவருக்கு மட்டும் அஞ்சு ஸ்டார்.

அவரு காட்டினத என் பாசையில சொல்றேன். சபை ஆளுங்க சம்பளத்துல பெரும் பங்கு அரசாங்கத்துல இருந்து மாகாணம் வழியா வருது. மிச்சத்த சபை தேடிக்கனும். மதிப்பீட்டு வரி, லைசன்ஸ், கடைத் தொகுதி வாடகை, சந்தை டெண்டர், இறைச்சிக் கடை டெண்டர், கட்டட பிளான் பாஸ் பண்ற கட்டணம், கக்கூஸ் குழிய உறிஞ்சி எடுக்குற கலி பவுசர், மைதான வாடகை. அப்புறம் ரெண்டு வரும்படி மாகாணத்துல இருந்து திரும்பி வரும், ஒன்னு நீதிமன்றத்துல கட்டுற தண்டப் பணம், இன்னொன்னு முத்திரைத் தீர்வை, அதாவது அந்த எல்லைக்குள்ள ஒரு காணி கை மாறினா உறுதி எழுதுறப்ப கட்டுற காசு, மொத ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதுக்கு மேல 4 வீதம். காணி வாங்கி விக்கிற ஊர்ல சபைக்கு அது கொட்டும்.

நம்ம தோட்டத்துல காணி கை மாறுமா? காணி அரசாங்கத்துது, 1992ல கம்பனிகளுக்கு குத்தகைக்கு விட்டது, குத்தகைக் காசு போறது கொழும்புக்கு. லயத்து காம்பராவுக்கு உறுதி இல்ல, உறுதி இல்லாத வீட்ட விக்கவும் ஏலாது, முத்திரைத் தீர்வையும் இல்ல, மதிப்பீட்டு வரியும் இல்ல. எங்க தாத்தா காலத்துல இருந்து அதே காம்பரா, சபை புத்தகத்துல நாங்க இருக்கிறதா ஒரு வரி கூட இல்ல. ஓட்டு லிஸ்ட்ல மட்டும் இருக்கோம்.

அப்ப அந்த சேர் கேட்டாரு, "அக்கா கோவிக்காதீங்க, ஒங்க லயத்துல இருந்து சபைக்கு ஒரு சதம் வருதா, சொல்லுங்க பாப்போம்." எனக்கு பதில் வரல. டீய குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆனா ஒரு கிழமையா அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திச்சு, ரொட்டி தட்டிக்கிட்டே கணக்கு போட்டேன். பத்தாம் தேதி சம்பளம் போட்ட நாளு என் கடையில ஒக்கார எடம் கெடைக்காது, மத்த நாளு ஈ தான். வர்றது யாரு? தோட்டத்து சனம். அவங்க தின்னா தான் நான் வாடகை குடுக்குறேன், வரி கட்டுறேன், லைசன்ஸ் எடுக்குறேன். ஞாயித்துக்கிழமை சந்தையில மரக்கறி, கருவாடு வாங்குறது யாரு? தோட்டத்து சனம் தான், அவங்கள நம்பி தான் சந்தைய டெண்டர் எடுக்குறவரு லட்சக்கணக்குல சபைக்கு கட்டுறாரு, அந்தக் காச அவரு யாவாரிகிட்ட டிக்கட்டா வாங்குறாரு, யாவாரி அத தக்காளி மேல வைக்கிறான். பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்கு 30 ரூபாய், அதுவும் டெண்டர் தான், டவுன்ல கடை வச்சிருக்கிறவன் யாரு அதுக்கு போறான், ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு பஸ்ஸுக்கு நிக்கிற எங்க பொம்பளைங்க தான் போறாங்க. ஆட்டோ பார்க்குக்கு அண்ணமார் கட்டுறது, எங்கள ஏத்தி எறக்குற காசுல. ஆக சேர், சதம் வருது. ரிசீட் தான் எங்க பேருல இல்ல.

இதெல்லாம் போதாதுன்னு இன்னொன்னு தெரிய வந்துச்சு. ஏக்கர் வரின்னு ஒன்னு இருக்கு, மதிப்பீட்டு வரி போடாத பயிர்க் காணிக்கு போடுறது. பல பிரதேச சபைகளோட கசட் அறிவித்தல எடுத்து பாருங்க, ஒரே மாதிரி தான் இருக்கும்: ஒரு ஹெக்டேயருக்கு மேல அஞ்சுக்கு கொறைவுன்னா வருசத்துக்கு 50 ரூபாய், அஞ்சு ஹெக்டேயரும் அதுக்கு மேலயும்னா ஹெக்டேயருக்கு 10 ரூபாய். பத்து ரூபாய், மாசத்துக்கு இல்ல, வருசத்துக்கு. 300 ஹெக்டேயர் தேயில இருக்கிற தோட்டம்னா வருசம் 3,000 ரூபாய் வருது. எங்கம்மா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்துட்டு பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்கு ஒரு தடவ போனா, மூணு ஹெக்டேயர் தேயிலைக்கு ஒரு வருசம் கட்டுற வரிய குடுத்துட்டு வர்றாங்க. அம்மா நாப்பது வருசம் கொழுந்து எடுத்த மலை அது. இத வாசிச்சப்ப எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வேற என்னமோவும் வந்துச்சு.

சேர்கிட்ட போய் இந்தக் கணக்க ஒப்பிச்சேன். அவரு கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "அந்த பத்து ரூபாய நாங்க கூட்ட ஏலாது அக்கா, அத சட்டத்துல மாத்தனும்"னாரு. சரி, அது உண்மை. நான் அவருகிட்ட சொன்னேன், ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ்னு சின்னக் காணித் துண்ட உறுதியோட குடுத்து வீட்ட எங்க பேருல எழுதட்டும், மதிப்பீட்டு வரி பில்ல எங்க லயத்துக்கும் அனுப்புங்க, கட்டலன்னா கேளுங்க. எங்க பக்கத்து காம்பரா மாமாவுக்கு இது புடிக்கல, "இல்லாத வரிய ஏண்டி இழுத்துகிட்டு வர்ற"ன்னு ஏசினாரு. அவரு சொல்றதும் ஒரு பக்கம் நியாயம் தான், நாள் சம்பளத்துல வாழுற மனுசன், வரின்னா பயம் வராதா. ஆனா டவுன்ல பாருங்க, பில்லு கையில இருக்கிறவன் கவுன்டர்ல கைய தட்டி கேக்குறான், எனக்கே கடை விசயம்னா தைரியம் வருது, வீட்டு விசயம்னா குரல் எறங்கிடுது.

லைப்ரரிய பத்தி சொல்லாம விட்டா என் மகளே என்னைய விட மாட்டா. சபைக்கு ஒரு சதம் லாபம் இல்லாத எடம் அது, மெம்பர் பீஸுன்னு வாங்குறது பஸ் காசுக்கு கூட காணாது, ஆனா சபை செய்யிற எல்லாத்துலயும் உருப்படியானது அது தான். கீழ் மாடி தான், கூரையில ஒரு எடத்துல ஒழுகும், வாளி வச்சிருப்பாங்க. காலைல வீரகேசரி, தினக்குரல் வந்துரும், பென்சன்காரங்க நாலஞ்சு பேரு முறை வச்சு வாசிப்பாங்க. மக ஓ.எல். படிச்சது முழுக்க அங்க தான், லயத்துல ஒரு காம்பராவுல அஞ்சு பேரு, டீவி ஒரு பக்கம், பக்கத்து காம்பரா சண்ட ஒரு பக்கம், எங்க படிக்கிறது? ஸ்கூல் விட்டதும் கடைக்கு வந்து சாப்புட்டுட்டு லைப்ரரிக்கு போயிருவா, மூடுற நேரம் வந்து என்கூட மேல ஏறுவா. லைப்ரரியன் மிஸ் பழைய பரீட்சைப் பேப்பரெல்லாம் கட்டி வச்சு அந்தப் பிள்ளைங்களுக்குன்னே எடுத்து குடுப்பாங்க. இங்க மட்டும் டவுன் பிள்ளையா தோட்டத்துப் பிள்ளையான்னு யாரும் கேட்டதில்ல. நாலரை ஸ்டார், அரை ஸ்டார் அந்த வாளிக்கு.

கலி பவுசர்: கடைக்கு கூப்பிட்டேன், காசு கட்டி ஒம்பது நாள்ல வந்துச்சு, வேலை சுத்தம். லயத்துக்கு கேட்டோம், பைப்பு எட்டாது, வண்டி ஏறாதுன்னுட்டாங்க. வீதி லைட்டு: கம்பம் கரண்ட் ஆபிஸோடது, பல்பு பிரதேச சபையோடது, டவுன்ல ஒன்னு அணைஞ்சா ரெண்டு மூணு நாள்ல மாத்துறாங்க, எங்க லயத்து வளைவுல அணைஞ்சது தீவாளிக்கு முந்தி, இன்னும் இருட்டு தான்.

2023 மார்ச்ல இருந்து 2025 ஜூன் வரைக்கும் சபையில தெரிவான மெம்பரே இல்ல, எலெக்சன் நடத்த காசில்லன்னு தள்ளிப் போட்டு போட்டு கடைசியில 2025 மே 6 தான் நடந்துச்சு. அந்த ரெண்டு வருசமும் செக்ரட்டரி தான் ஓட்டினாரு. உண்மைய சொன்னா கவுன்டர்ல ஒரு வித்தியாசமும் தெரியல, டிராக்டர் அதே ஆறரைக்கு வந்துச்சு. வித்தியாசம் தெரிஞ்சது லயத்துல தான், ஏன்னா எங்களுக்கு கவுன்டர் இல்ல, எங்களுக்கு இருக்கிறது மெம்பர் மட்டும் தான், சண்ட புடிக்கவாவது ஒரு ஆள் வேணுமே.

புது மெம்பர் தம்பிகிட்ட நாங்க லயத்து ஆளுங்க இருபத்தாறு பேரு கையெழுத்து வச்சு லெட்டர் குடுத்தோம், வீட்டுக்கு வீடு வர வேணாம், தோட்டத்து சந்தி வரைக்கும் கிழமைக்கு ஒரு நாள் டிராக்டர அனுப்புங்க, பேக்க நாங்க தூக்கிட்டு வர்றோம்னு. பிப்ரவரில ஆரம்பிச்சாங்க, வியாழக்கிழமை. நாலு வியாழன் வந்துச்சு. அம்மா கூட ஒரு பேக்க தூக்கிட்டு எறங்கினாங்க, தோட்டத்துல காலைல வேலைக்கு பேரு குடுக்குற பிரட்டுக்கு போற மாதிரி விடிய முன்னமே எந்திரிச்சு. அஞ்சாவது வியாழன் வரல, நாய் கிழிச்சு சந்தி முழுக்க பரப்பி வச்சிருச்சு. ஆறாவது வந்துச்சு, அண்ணமார் பேசாம எறங்கி அதையும் சேத்து கூட்டி அள்ளிட்டு போனாங்க. லயத்துக்கு சைபர் போட இருந்தேன், அதனால ஒன்னு.

போறவங்களுக்கு: திங்கக்கிழமை போகாதீங்க, கூட்டம். புதன்கிழமை காலைல பத்துக்கு முந்தி போனா சேர், மிஸ் எல்லாரும் இருப்பாங்க. போன வருசத்து ரிசீட்ட மறக்காம கொண்டு போங்க, பேரேட்ட தேட அது தான் வழி. லைசன்ஸுன்னா பி.எச்.ஐ. ரிப்போட்ட அவங்க அனுப்புவாங்கன்னு நம்பாம கையோட வாங்கிட்டு போங்க. கார்ட் எடுக்க மாட்டாங்க, காசா கொண்டு போங்க, சில்லறையும் சேத்து. பட்ஜெட் பாக்கனும்னா டிசம்பர்ல கேளுங்க, ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல, அந்த சேர் இருந்தா டீயும் கெடைக்கும்.